காழ், சேகு, வைரம், சோறு, குருத்து: மரத்தின் உட்பகுதிக்கு எந்தச் சொல்?

ஏடுகோப்பு:
தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான மரவேலைக் கையேட்டுக்குச் சொற்பட்டியல் தயாராகிறது. மரத்தின் உள்ளே இருப்பதைக் குறிக்க இதுவரை வந்து சேர்ந்தவை: வைரம், காழ், சேகு, உள்ளீடு, சோறு, குருத்து, கரு, மையம். ஒரே பொருளுக்கு இத்தனை பெயரா, ஒவ்வொன்றும் வேறு வேறு பொருளா? சொல்லின் வேரும் தெரிய வேண்டும், பட்டறையில் அது எதைக் குறிக்கிறது என்பதும் தெரிய வேண்டும். தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்.

உளிமுனை:
பட்டறைப் பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தேக்கு, வேம்பு, வேங்கை மாதிரி மரத்தைக் குறுக்கே அறுத்து முகத்தைப் பாருங்கள். வெளியே பட்டை. அதை ஒட்டி, மரம் பருப்பதற்குக் காரணமான ஈரமான மெல்லிய படலம். அடுத்து வெளுப்பான கட்டை. இதை வெள்ளை என்போம், பாடநூலில் சாற்றுக்கட்டை. அதற்குள் நிறம் மாறி இறுகியிருப்பது வைரம், பாடநூலில் வைரக்கட்டை. எல்லாவற்றுக்கும் நடுவில் பென்சில் கனமோ அதைவிட மெலிந்தோ ஒரு மெத்தென்ற பகுதி. அதை நடுக்குருத்து என்று சொல்வோரும் உண்டு, வெறுமனே நடு என்று சொல்வோரும் உண்டு.

இதில் மாணவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. வைரம்தான் மரத்தின் ஆக உள்ளே இருப்பது என்று நினைக்கிறார்கள். ஆக உள்ளே இருப்பது அந்த மெத்தென்ற நடு. அதையும் அதைச் சுற்றி மரம் இளசாக இருந்தபோது போட்ட வளையங்களையும் நிலைச் சட்டத்துக்குள் வைத்து அறுத்தால் சட்டம் வெடிக்கும். மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நடுவை உள்ளே வைத்த சட்டத்தில் இந்த இரண்டு இழுப்பும் சமன்படாமல், நடுவிலிருந்து முகத்துக்கு நீளவாக்கில் பிளவு ஓடும். அதனால்தான் அடிமரத்தை நடுவழியாகவே இரண்டாகப் பிளந்து, இருபுறமும் சுமார் 1 அங்குலம் ஒதுக்கிவிட்டுச் சட்டம் எடுக்கச் சொல்வது.

வெள்ளையை ஒதுக்குவதற்குக் காரணம் வேறு. அதில் மாவுச்சத்து இருக்கிறது, பூச்சிக்கு அது தீனி. ஒரு ஓரத்தில் வெள்ளை இருந்தாலும் அங்கிருந்து உளுக்க ஆரம்பிக்கும். தேக்கில் சந்தேகம் வந்தால் இழைத்த முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: வெள்ளை சட்டென இழுத்துக்கொள்ளும், வைரத்தில் சொட்டு நிற்கும்.

சொல்வேர்:
உளிமுனை ஐயா சொன்ன அடுக்கை வைத்துக்கொண்டு சொற்களைப் பார்ப்போம். பழந்தமிழில் வைரத்துக்கு உரிய சொல் காழ். காழ்த்தல் என்றால் முற்றி இறுகுதல். குறள் 879-இல் 'இளைதாக முள்மரம் கொல்க களையுநர் கைகொல்லும் காழ்த்த இடத்து' என்று வருவது இந்தப் பொருள்தான்: முள்மரத்தைக் கன்றிலேயே வெட்டு, காழ்த்தபின் வெட்டினால் வெட்டுகிறவன் கையைத்தான் அது பதம் பார்க்கும். சிறுபாணாற்றுப்படையில் 'இருங்காழ் உலக்கை இரும்புமுகம் தேய்த்த' அரிசி வருகிறது. கரிய வைரத்தால் செய்து நுனியில் இரும்புப் பூண் போட்ட உலக்கை. வெள்ளைக்கட்டையில் உலக்கை செய்தால் பூணுக்குள் கட்டை நசுங்கிப் பூண் கழன்றுவிடும் என்பது உலக்கை கடைகிறவர்களுக்குத் தெரியும். புலவர் 'காழ்' என்று சொன்னது சும்மா அடைமொழி இல்லை.

காழுக்கு விதை என்ற பொருளும் உண்டு, மணிவடம் என்ற பொருளும் உண்டு. பழத்தின் சதைக்குள் இறுகிக் கிடப்பது விதை, மரத்தின் வெள்ளைக்குள் இறுகிக் கிடப்பது வைரம். இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னவர்கள் பார்த்தது உள்ளே இருக்கும் கடினத்தை. இடம் அவர்களுக்கு இரண்டாம் பட்சம்.

இன்றைக்கு நம்மிடம் மிஞ்சியிருப்பது காழ்ப்பு, காழ்ப்புணர்ச்சி. இறுகிப்போன பகை. மரத்தைவிட்டு மனத்துக்குப் போய்விட்டது.

நெய்தல்நிலா:
வைரமும் அப்படித்தானே? மரத்துக்கும் வைரம், 'மனதில் வைரம் வைத்திருக்கிறான்' என்பதற்கும் வைரம். அப்படியானால் காழ் போலவே இதுவும் மரத்திலிருந்து மனத்துக்குப் போன சொல்லா?

சொல்வேர்:
இல்லை அம்மா, பார்வைக்கு அப்படித் தெரியும். இங்கே இரண்டு வடசொற்கள் ஒரே உருவத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன. ஒன்று வஜ்ரம்: பாலியில் வஜிர, பிராகிருதத்தில் வஇர, தமிழில் வயிரம், வைரம். மணியையும் மரத்தின் இறுகிய பகுதியையும் குறிப்பது இது. இன்னொன்று வீரம் என்பதிலிருந்து அந்த மொழியிலேயே அமைந்த வைரம், பொருள் பகை. தமிழுக்கு வந்தபிறகு இரண்டும் ஒன்றாக ஒலிப்பதால் 'வைரம் பாய்ந்த பகை' என்று ஒரு சொல்லாகவே உணர்கிறோம். காழ்ப்பில் நடந்தது ஒரே சொல் பொருள் விரிந்தது. வைரத்தில் நடந்தது இரண்டு சொல் ஒன்றானது.

இதோடு வைராக்கியத்தையும் சேர்த்து முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. அது விராகம் என்பதிலிருந்து வருவது, ராகம் இல்லாமை, பற்றின்மை. பேச்சுவழக்கில் விடாப்பிடி என்ற பொருள் ஏறியதற்கு வைரத்தின் ஒலி துணைசெய்திருக்கலாம், பிறப்பு வேறு.

பனைவடலி:
வணக்கம். நீங்கள் எல்லாரும் தேக்கையும் வேம்பையும் வைச்சுக் கதைக்கிறியள். பனைக்கு வாங்கோ, கணக்கு தலைகீழாகும். பனையில வைரம் வெளியில, சோறு எண்டு சொல்லுற மெத்தெண்ட பகுதி உள்ளுக்க. யாழ்ப்பாணத்தில வீட்டுக் கூரைக்கு வளை எண்ட உத்தரமும் சிலாகை எண்ட மெல்லிய சட்டமும் எடுக்கிறதெல்லாம் பனையின்ர வெளிச்சுற்றில இருந்துதான். தறிச்ச மரத்தை ஆப்பு வைச்சு நெடுக்குப்பாட்டில பிளந்து, உள்பக்கத்துச் சோறை வாய்ச்சியால முழுக்கச் செதுக்கி எடுத்துப்போட வேணும். அரை அங்குலம் சோறு மிஞ்சினாலும் அது ஈரத்தைக் குடிச்சு உக்கத் தொடங்கும், கறையானும் அதால ஏறும். கறுத்த நார் நெருக்கமாத் தெரியிற மட்டும் செதுக்க வேணும்.

இளம்பனையைத் தறிச்சால் வெளிச்சுற்றிலகூட வைரம் இராது. கொட்டில் போடக்கூட உதவாது.

அடிமரத்தைக் குடைஞ்சு தண்ணி ஓடுற வாய்க்கால் செய்யிறதும் இந்தச் சோறு மெத்தெண்டு இருக்கிறதாலதான். வேம்பை அப்பிடிக் குடைய ஏலுமோ?

வேர்நாடி:
பனைவடலி அண்ணன் சொன்ன வேறுபாட்டைத் தொல்காப்பியம் இரண்டே அடியில் வரையறுத்துவிடுகிறது. மரபியலில்: 'புறக்கா ழனவே புல்லென மொழிப', 'அகக்கா ழனவே மரமென மொழிப'. வெளியே காழ் உள்ளவை புல், உள்ளே காழ் உள்ளவை மரம். அதன்படி பனை, தென்னை, கமுகு, மூங்கில் எல்லாம் புல்! அடுத்து வரும் நூற்பாக்களில் புல்லின் உறுப்பு என்று ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை வருகின்றன. மரத்தின் உறுப்பு என்று இலை, தளிர், கோடு, சினை வருகின்றன. எந்தச் செடிகளை மனத்தில் வைத்துப் பிரித்தார்கள் என்பது இதிலேயே தெளிவு.

இன்றைய தாவரவியலில் இது ஒருவித்திலை, இருவித்திலை வேறுபாட்டோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. காரணம் உடற்கூறு. இருவித்திலை மரத்தில் பட்டைக்கு உள்ளே ஒரு வளர்படலம் சுற்றி நின்று ஆண்டுதோறும் கட்டையைப் போடுகிறது. பழைய கட்டை உள்ளே தள்ளப்பட்டு, நீர் கடத்துவதை நிறுத்தி, அதன் குழாய்கள் அடைபட்டு, பிசினும் துவர்ப்புப் பொருள்களும் நிரம்பி வைரமாகிறது. பனைக்கு அந்தப் படலமே இல்லை. நீரும் உணவும் போகும் நார்க்கற்றைகள் தண்டு முழுக்கச் சிதறி, ஓரத்தில் நெருக்கமாகவும் நடுவில் கலகலவென்றும் நிற்கின்றன. ஓரத்துக் கற்றைகளின் நார்ச்சுவர் ஆண்டுகள் போகப்போகத் தடித்துக்கொண்டே வரும். இளம்பனையில் வைரம் இல்லாததன் காரணம் அதுதான்.

தென்னையிலும் இதையே எடைபோட்டுப் பார்க்கிறார்கள். வெளிச்சுற்றுக் கட்டை கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல், நடு 400 கிலோவுக்குக் கீழ். தூணுக்கும் தரைக்கும் வெளிச்சுற்று, சுமை தாங்காத உள்வேலைக்கு மட்டும் நடு. வெளிச்சுற்றை அறுக்கும்போது சாதாரண வாள் சீக்கிரம் மழுங்கும், கார்பைடு பல் வைத்த வாள் வேண்டும். ஆணி அடிக்கும் முன் துளை போட வேண்டும், இல்லாவிட்டால் பிளந்துவிடும்.

ஆகவே ஏடுகோப்பு, கையேட்டில் 'பனையின் வைரக்கட்டை' என்று எழுதினால் 'மரத்தின் உள்ளே இருப்பது வைரக்கட்டை' என்ற உங்கள் வரையறையே உடைந்துபோகும். அகக்காழ், புறக்காழ் என்று இரண்டு பதிவாகப் போடுங்கள். அவ்வளவு துல்லியமான இணை கையில் இருக்கும்போது புதுச்சொல் ஆக்கத் தேவையில்லை.

உளிமுனை:
அகக்காழும் இல்லாமல் புறக்காழும் இல்லாமல் ஒரு வகை இருக்கிறதே? இலவு, முருங்கை. 'முருங்கை பருத்தாலும் தூணுக்கு ஆகாது' என்பார்கள். மாவிலும் ரப்பர் மரத்திலும் வெள்ளைக்கும் வைரத்துக்கும் கோடு தெளிவாகத் தெரியாது. அவற்றைப் போரிக் அமிலம், போராக்ஸ் கரைசலில் ஊறவைத்தால்தான் பூச்சியிலிருந்து தப்பும். நல்ல வேளையாக மருந்தை அந்தக் கட்டை நன்றாகக் குடிக்கும். வைரம் குடிக்காது.

சொல்வேர்:
அப்படிக் காழ் இல்லாததற்குப் பெயர் வெளிறு. புறநானூறு 35-இல் போர்க்களத்து யானைகள் 'வெளிற்றுப் பனந்துணியின்' கிடந்தன என்று வருகிறது. வைரம் ஏறாத பனையைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டதுபோல. பனைவடலி சொன்ன உதவாத இளம்பனையேதான். குறள் 503-இல் 'இன்மை அரிதே வெளிறு' என்று அறியாமைக்கு இந்தச் சொல்லே வருகிறது: அரிய நூல் கற்ற குற்றமற்றவரிடமும் ஆராய்ந்து பார்த்தால் வெளிறு இல்லாமல் இருப்பது அரிது. வைரத்தோடு வெள்ளையும் சேர்ந்தேதான் எந்த மரமும் நிற்கும் என்பதைத் தெரிந்தவருக்கு இந்தக் குறள் இன்னும் கூர்மையாகப் படும்.

நிகண்டுகள் மூன்றையும் பாலாகப் பிரிக்கின்றன: அகக்காழ் ஆண்மரம், புறக்காழ் பெண்மரம், வெளிறு அலிமரம். கையேட்டில் இதைத் தொடாதீர்கள். பனையில் பூவை வைத்து ஆண்பனை, பெண்பனை என்று உண்மையிலேயே இரண்டு இருப்பதால், மாணவர் குழம்பிவிடுவார்.

ஏடுகோப்பு:
அருமை. அகக்காழ், புறக்காழ், வெளிறு மூன்றும் பட்டியலில் ஏறிவிட்டன. சேகு?

சொல்வேர்:
சேகும் அகக்காழ்தான், ஆனால் நிறத்திலிருந்து வந்த பெயர். சே என்றால் சிவப்பு. சேயோன், சேவடி எல்லாம் அதன் வழி. மரம் முற்றும்போது உட்கட்டை சிவக்கும், அதனால் சேகு. சேகேறிய மரம் என்று சொல்வது வழக்கு. சேஷாசலம் மலைப்பக்கத்துச் செம்மரத்தை அறுத்துப் பார்த்தால் சொல்லின் காரணம் கண்ணுக்கே தெரியும்: வெள்ளையைத் தாண்டியதும் குங்குமமாக இருக்கும்.

அண்டை மொழிகளைப் பார்த்தால் இன்னும் நல்ல சான்று. தெலுங்கில் சேவ என்றால் மரத்தின் வைரம், கூடவே திறன், தெம்பு. கன்னடத்தில் கெச்சு என்றால் மரத்தின் வைரம், கூடவே துணிவு. கெச்செதெ என்றால் அஞ்சாத நெஞ்சு. தமிழில் சகரமாக இருப்பது கன்னடத்தில் ககரமாக வருவது வழக்கமான ஒழுங்கு: செவி, கிவி போல, செம், கெம் போல. சிவந்தது, இறுகியது, அஞ்சாதது என்று இரண்டு அண்டை மொழிகளிலும் பொருள் ஒரே தடத்தில் போயிருக்கிறது. தமிழில் காழ் பகைப்பக்கம் சாய்ந்தது, அங்கே இது துணிவுப்பக்கம் சாய்ந்தது.

நெய்தல்நிலா:
மலையாளத்தில் மரத்தின் வைரத்துக்குக் காதல் என்கிறார்களே! 'காதலாய' என்றால் அடிப்படையான என்று பொருள். நம் காதலும் அதுவும் ஒன்று என்று ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. நெஞ்சின் வைரம்தான் காதல் என்று.

சொல்வேர்:
கேட்க இனிமையாக இருக்கிறது என்பதால் ஏற்றுக்கொள்ளக் கூடாது. தமிழில் காதல் பழம்பாடல் காலத்திலிருந்தே விருப்பம், அன்பு என்ற பொருளில்தான் நிற்கிறது. மலையாளக் காதலின் பொருள் காழ், காழ்த்தல் பக்கம் நிற்கிறது. ஒலி ஒன்றாக இருப்பதை வைத்து இரண்டையும் இணைப்பதானால், நடுவில் ஒரு படி வேண்டும்: தமிழ்க் காதலுக்கு வைரம் என்ற பொருளோ, மலையாளக் காதலுக்கு அன்பிலிருந்து வைரத்துக்குப் போன வழியோ பழைய எழுத்தில் காட்டப்பட வேண்டும். அதைக் காட்டாதவரை அவை ஒலி ஒத்த இரண்டு சொற்கள்.

கல்லெழுத்து:
மரத்தைவிட்டுக் கொஞ்சம் விலகுகிறேன், பட்டியலில் கரு இருப்பதால். கரு என்பது சூல், முளை. மஞ்சட்கரு, வெள்ளைக்கருவில் இருப்பது அதுவே. கன்னடத்தில் கரு என்றால் கன்றுக்குட்டி. ஆகக் கருவில் உயிர் இருக்கிறது, இனி வளரப் போவது இருக்கிறது. மரத்தின் வைரமோ உயிரற்ற கட்டை. அதற்குக் கரு என்று பெயர் வைப்பது பொருந்தவே பொருந்தாது. அணுக்கரு என்பதெல்லாம் நிலைத்துவிட்ட கலைச்சொல், அதை விடுங்கள்.

கருவறையை இருட்டறை என்று விளக்குகிறவர்கள் அதிகம். கர்ப்பகிருகத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கரு என்பது சூல் என்றே பொருந்துகிறது, கருமை இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் அந்த இடத்துக்கு அடிக்கடி வரும் பெயர் உண்ணாழிகை, திருவுண்ணாழிகை. அங்கே பணி செய்வோர் திருவுண்ணாழிகை உடையார்கள். உள் + நாழிகை, ளகரமும் நகரமும் சேர்ந்து ண்ண ஆனது. பொழுதை அளக்கும் நாழிகையை இங்கே நினைக்க வேண்டாம், இது அறை. கருவறைக்கும் முன்மண்டபத்துக்கும் நடுவில் உள்ள இடம் இடைநாழிகை. மலையாளத்தில் வீட்டு நடைவழிக்கு இன்றும் இடநாழி என்பார்கள். கோயிலைப் பற்றி எழுதும்போது உண்ணாழிகையை மீண்டும் எடுத்தாள வேண்டும் என்பது என் வலுவான கருத்து.

வேர்நாடி:
உயிர் இருக்கும் உட்பகுதி என்றால் பனைக்கும் தென்னைக்கும் குருத்து. அங்கே ஒரே ஒரு வளர்முனை, அதுவும் மட்டைகளுக்கு நடுவே புதைந்து. காண்டாமிருக வண்டு குடைந்து விரியாத ஓலையை வெட்டினால் விசிறி போல நறுக்குப்பட்ட ஓலை வெளிவரும், மரம் பிழைக்கும். வளர்முனையே போனால், குருத்தழுகலில் போவதுபோல, மரம் முடிந்தது, பக்கத்தில் துளிர்க்காது. வேம்பும் புளியும் நேர் எதிர். நடுவைப் பூஞ்சை தின்று பொந்தாக்கினாலும் வெளிக்கட்டையும் பட்டையும் இருக்கும்வரை தழைத்து நிற்கும். பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் வைரம் முழுசாக இருந்தும் பட்டுப்போகும்.

பனைவடலி:
பனையின்ர உள்ளுக்க இன்னும் ரெண்டு பேர் இருக்கு. முளைச்ச பனங்கொட்டையை வெட்டினால் உள்ளுக்க பஞ்சு மாதிரி இனிப்பா இருக்கிறது பூரான். கிழங்கை அவிச்சுப் பிளந்தால் நடுவில நீட்டா இருக்கிறது பீலி, அதை எடுத்து எறிஞ்சுபோட்டுத்தான் தின்கிறது. மட்டையில நார் உரிக்கேக்க உள்நார் அகணி, வெளிநார் புறணி.

நெய்தல்நிலா:
அகணி, புறணி இரண்டும் மருத்துவப் பாடத்தில் இருக்கின்றனவே! பெருமூளைப் புறணி, சிறுநீரகப் புறணி, சிறுநீரக அகணி. பனைநாரிலிருந்தா போயின?

சொல்வேர்:
அகம், புறம் என்ற அடியிலிருந்து அமைந்து, மட்டைக்கும் நாருக்கும் வழங்கிய பெயர்களைக் கலைச்சொல்லாக்கியவர்கள் உறுப்புகளின் உள்ளடுக்குக்கும் வெளியடுக்குக்கும் வைத்தார்கள். நல்ல தேர்வு. 'புறணி பேசுதல்' என்பதிலும் அதே புறம்தான்.

உடம்புப் பக்கம் வந்ததால் ஒன்றிரண்டு. மூளை என்ற சொல் தலைக்குள் இருப்பதை மட்டும் குறித்ததில்லை, எலும்புக்குள் இருப்பதற்கும் அதுவே பெயர். தெலுங்கில் மூலுக என்றால் எலும்பின் உட்சத்து. கன்னடத்தில் மூளெ என்றால் எலும்பு. ஓட்டுக்குள் இருக்கும் மெத்தென்ற பொருள் என்பதுதான் பொது. தமிழ்நாட்டுப் பாடநூல் எலும்பு மஜ்ஜை என்றும், இலங்கைப் பாடநூல் என்பு மச்சை என்றும் வடசொல்லுக்குப் போய்விட்டன.

ஈரக்குலை நடுங்குகிறது என்பதில் ஈரம் இல்லை. ஈரற்குலை என்பதன் பேச்சு வடிவம். ஆட்டை உரித்ததும் மூச்சுக்குழலோடு ஈரல்கள் கொத்தாகத் தொங்குமே, அந்தக் குலை. நுரைபோல் இருப்பது நுரையீரல், கல்போல் கனப்பது கல்லீரல்.

ஏடுகோப்பு:
கடைசியாக உள்ளீடு. கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டதால் விட்டுவிடலாமா?

உளிமுனை:
விட வேண்டாம், இடம் மாற்றுங்கள். இரண்டு ஒட்டுப்பலகைத் தாளுக்கு நடுவே துண்டுக் கட்டைகளை அடுக்கி ஒட்டும் பிளாக்போர்டு கதவு இருக்கிறதல்லவா, அந்த நடுக்கட்டைக்கு உள்ளீடு சரியாகப் பொருந்தும். அது வளர்ந்து இறுகியதில்லை, மனிதர் உள்ளே இட்டது. அங்கேயும் வெள்ளைக்கட்டைத் துண்டு கலந்திருந்தால் ஒட்டிய தாளுக்குள்ளேயே உளுத்து மாவு கொட்டும். பலகையின் ஓரத்தை அறுத்து, துண்டுகளுக்கு நடுவே சந்து இல்லாமல் அடுக்கியிருக்கிறார்களா, மருந்து ஏற்றிய கட்டையா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பதையும் அந்தப் பதிவிலேயே சேர்த்துவிடுங்கள்.